மோர்ட்கேஜை முன்கூட்டி அடைக்கும் முன் தேதியைப் பாருங்கள்: பிரிட்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஈ.ஆர்.சி. வழிகாட்டி

சென்னையிலோ கோவையிலோ வீட்டுக்கடன் கட்டிப் பழகியவர்களுக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. போனஸ் வந்தால், நகைச்சீட்டு முதிர்ந்தால், அப்பா கொஞ்சம் கொடுத்தால், நேரே கடனில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவோம். ஃப்ளோட்டிங் வட்டியில் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012 ஜூன் மாதமே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. அதனால் 'என் பணம், என் கடன், எப்போது வேண்டுமானாலும் அடைப்பேன்' என்ற எண்ணம் நமக்குள் ஊறிப்போயிருக்கிறது.

அதே எண்ணத்தோடு பிரிட்டனில் மோர்ட்கேஜ் வாங்கி, இரண்டாம் வருடம் ஒரு பெரிய தொகையைக் கட்டப்போனால், ஏர்லி ரீபேமென்ட் சார்ஜ், அதாவது முன்கூட்டி அடைப்பதற்கான கட்டணம் என்று ஒன்று வந்து நிற்கும். புரோக்கர்களும் வங்கி ஆட்களும் ஈ.ஆர்.சி. என்று சுருக்கிச் சொல்வார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

இந்தக் கட்டணம் ஏன் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். இங்கே பெரும்பாலானோர் வாங்குவது இரண்டு வருடம் அல்லது ஐந்து வருடம் வட்டி மாறாத ஃபிக்ஸ்டு மோர்ட்கேஜ். உங்களுக்கு ஐந்து வருடம் ஒரே வட்டி தருவதாக வாக்குக் கொடுக்கும் வங்கி, அதற்கான பணத்தையும் அதே ஐந்து வருடக் கணக்கில் சந்தையில் ஏற்பாடு செய்துகொள்கிறது. நீங்கள் நடுவில் கழன்றுகொண்டால் அந்த ஏற்பாட்டில் வங்கிக்கு நஷ்டம் வரலாம். அதை ஈடுகட்டத்தான் ஈ.ஆர்.சி. இஷ்டத்துக்கு ஒரு தொகையைப் போட்டுவிடவும் முடியாது. நிதித்துறையைக் கண்காணிக்கும் எஃப்.சி.ஏ.வின் விதிப்படி, நீங்கள் முன்கூட்டி அடைப்பதால் வங்கிக்கு ஏற்படும் செலவின் நியாயமான முன்மதிப்பீடாக அது இருக்க வேண்டும். அதிகபட்சம் எத்தனை பவுண்ட் வரும் என்பதையும் கடன் வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

ஈ.ஆர்.சி. சமாச்சாரத்தில் முக்கால்வாசி தேதி சம்பந்தப்பட்டது. ஒரே கடன், ஒரே வங்கி, ஒரே தொகை. ஆனால் ஃபிக்ஸ்டு காலம் மார்ச் 31-ல் முடிகிறது என்றால், மார்ச் 30-ல் அடைத்தால் ஆயிரக்கணக்கில் போகும், ஏப்ரல் 1-ல் அடைத்தால் ஒன்றுமே போகாது. கீழே சொல்வதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

முதல் வேலை: ஆஃபர் கடிதத்தைத் தோண்டி எடுங்கள்

மோர்ட்கேஜ் ஆஃபர் வந்தபோது கையெழுத்துப் போட்ட வேகத்தில் யாரும் அதை முழுதாகப் படித்திருக்க மாட்டோம். இப்போது படியுங்கள். பல வங்கிகளின் ஆஃபர் ஒரே அச்சில் எண்ணிட்ட பகுதிகளாக இருக்கும். அதில் 9-ஆம் பகுதி முன்கூட்டி அடைப்பதைப் பற்றியது. அடுத்த 10-ஆம் பகுதியில், கடனை வேறு வீட்டுக்கு மாற்றிக்கொள்ளலாமா என்பது போன்ற சலுகைகள் இருக்கும். எண் வேறாக இருந்தாலும் விஷயம் இருக்கும்.

அங்கே ஒரு சிறு அட்டவணை இருக்கும். ஐந்து வருட ஃபிக்ஸ்டு என்றால் முதல் வருடம் 5%, பிறகு 4, 3, 2, 1 என்று படிப்படியாக இறங்குவது வழக்கமான அமைப்பு. இரண்டு வருடம் என்றால் 2%, பிறகு 1% என்று இருக்கலாம். சில வங்கிகள் கடைசி நாள் வரை ஒரே சதவீதத்தை வைத்திருக்கும். ஒவ்வொரு படிக்கும் எதிரே ஒரு தேதி இருக்கும். அதைக் கவனமாகப் பாருங்கள். நீங்கள் சாவி வாங்கிய நாளிலிருந்து இரண்டு வருடம் என்று மனக்கணக்குப் போட்டிருப்பீர்கள். கடிதத்தில் '31 மார்ச் 2027 வரை' என்று ஒரு நாள்காட்டித் தேதி இருக்கும். செல்லுபடியாவது அந்தத் தேதிதான். அதைக் கைபேசி நாள்காட்டியில் ஏற்றுங்கள், ஆறு மாதம் முன்பாக ஒரு நினைவூட்டலும் வையுங்கள்.

உங்களுடையது ஃபிக்ஸ்டு இல்லாமல் டிராக்கர் என்றால், பேங்க் ஆஃப் இங்கிலாந்து வட்டியோடு ஏறி இறங்குவது என்றால், ஈ.ஆர்.சி. இல்லாமலே இருக்கலாம். ஆனால் எல்லா டிராக்கருக்கும் அப்படி இல்லை. ஃபிக்ஸ்டு காலம் முடிந்து வங்கியின் வழக்கமான மாறும் வட்டிக்கு, அதாவது எஸ்.வி.ஆருக்கு விழுந்துவிட்டவர்களுக்குப் பெரும்பாலும் ஈ.ஆர்.சி. கிடையாது. அவர்கள் தாராளமாக அடைக்கலாம், வேறு வங்கிக்கும் போகலாம்.

10% சலுகை: நான் 62 பவுண்ட் கொடுத்துக் கற்ற பாடம்

ஃபிக்ஸ்டு காலத்திலும் வருடத்துக்கு 10% வரை கூடுதலாகக் கட்ட பெரும்பாலான வங்கிகள் அனுமதிக்கின்றன. அதற்கு ஈ.ஆர்.சி. இல்லை. கேட்க எளிதாக இருக்கிறது, சிக்கல் எல்லாம் 'எதில் 10%' என்பதில்.

நான் வாங்கிய கடன் 2,00,000 பவுண்ட். 10% என்றால் 20,000 என்று நினைத்துக் கட்டிவிட்டேன். என் வங்கியோ அந்த வருடம் ஜனவரி 1-ல் இருந்த பாக்கியில் 10% என்று கணக்குப் பார்க்கிறது. பாக்கி 1,84,300. ஆக வரம்பு 18,430. நான் கட்டியதில் 1,570 பவுண்ட் கூடுதல், அதற்கு 4%, மொத்தம் 62 பவுண்ட் 80 பென்ஸ். பெரிய தொகை இல்லைதான். ஆனால் ஒரு போன் போட்டிருந்தால் மிச்சமாகியிருக்கும் தொகை. வங்கியைக் குறை சொல்லவும் வழியில்லை, கடிதத்தில் தெளிவாகத்தான் இருந்தது.

எனவே பணம் அனுப்பும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். 10% என்பது முதலில் வாங்கிய தொகையிலா, இப்போதைய பாக்கியிலா? வருடம் என்பது ஜனவரி முதல் டிசம்பர் வரையா, அல்லது கடன் தொடங்கிய தேதியிலிருந்தா? மாதாமாதம் ஸ்டாண்டிங் ஆர்டரில் சேர்த்துக் கட்டிவரும் 100, 200 பவுண்டும் இந்த 10%-க்குள் வருமா? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் 'ஆமாம்' என்றுதான் பதில் வரும்.

இரண்டாவது கேள்வியின் பதிலில் ஒரு நல்ல வழி ஒளிந்திருக்கிறது. ஊரில் ஒரு மனையை விற்ற நண்பர் ஒருவருக்கு 44,000 பவுண்ட் கைக்கு வந்தது. பாக்கிக் கடன் 2,40,000 அளவில். அவருடைய வங்கிக்கு ஜனவரியில்தான் புது வருடம். டிசம்பரில் 24,000 கட்டினார், பொங்கல் முடிந்ததும் மீதி 20,000 கட்டினார். ஈ.ஆர்.சி. பூஜ்யம். டிசம்பரிலேயே மொத்தமாகக் கொட்டியிருந்தால், கூடுதலான 20,000-க்கு 4% வீதம் 800 பவுண்ட் போயிருக்கும். ஊரிலிருந்து என்.ஆர்.ஓ. கணக்கு வழியாகப் பணம் கொண்டுவருகிறவர்கள், ஆடிட்டர் சான்றிதழும் வங்கிப் படிவமும் முடிய வாரங்கள் ஆகும் என்பதையும் சேர்த்து இந்தத் தேதிகளைத் திட்டமிடுங்கள்.

பணம் கட்டும்போது இன்னொன்றும் கேட்பார்கள்: மாதத் தவணையைக் குறைக்கவா, கடன் காலத்தைக் குறைக்கவா? நீங்கள் சொல்லாவிட்டால் வங்கி தன் வழக்கப்படி ஒன்றைச் செய்துவிடும். எதுவானாலும் வட்டி மிச்சம்தான். ஆனால் தவணை குறைந்தால், அந்தக் குறைந்த பணத்தை வேறெங்கோ செலவழித்துவிடுகிற கை நம்முடையது.

கூடுதலாகக் கட்டுவது எப்போதும் லாபம் என்றும் சொல்ல மாட்டேன். பேங்க் ஆஃப் இங்கிலாந்து வட்டி 0.1% ஆக இருந்த 2021-ல் ஐந்து வருடத்துக்கு ஃபிக்ஸ் செய்தவர்கள் 1.5% போல வட்டிதான் கட்டிவந்திருப்பார்கள். சேமிப்புக் கணக்கு அதைவிட அதிக வட்டி தரும்போது கடனில் கொண்டுபோய்ப் போடுவதில் அர்த்தமில்லை. பணத்தைச் சேமிப்பில் வைத்திருந்து, ஃபிக்ஸ்டு முடியும் நாளன்று மொத்தமாகக் கட்டினால் ஈ.ஆர்.சி.யும் இல்லை. ஒப்பிடும்போது வரியையும் பாருங்கள். சேமிப்பு வட்டியில் அடிப்படை வரி கட்டுபவருக்கு 1,000 பவுண்ட் வரையும், 40% வரி கட்டுபவருக்கு 500 பவுண்ட் வரையும்தான் வரி இல்லை. ஐசா என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்குக்குள் இருக்கும் பணத்துக்கு இந்தக் கவலை வேண்டாம்.

வட்டி குறைந்துவிட்டது, மாறிவிடலாமா?

2022 செப்டம்பர் மினி பட்ஜெட்டுக்குப் பிறகு மோர்ட்கேஜ் வட்டி தாறுமாறாக ஏறியது. 2023 ஆகஸ்டில் பேங்க் ஆஃப் இங்கிலாந்து வட்டி 5.25% வரை போய், 2024 ஆகஸ்டிலிருந்து படிப்படியாக இறங்கத் தொடங்கியது. உச்சத்தில் ஐந்து வருடத்துக்கு ஃபிக்ஸ் செய்தவர்கள், அபராதத்தைக் கட்டியாவது வெளியேறலாமா என்று கேட்பது நியாயம்தான்.

இதற்கு ஒரு மனக்கணக்கு இருக்கிறது. ஈ.ஆர்.சி. சதவீதத்தை, ஃபிக்ஸ்டு காலத்தில் மீதியிருக்கும் வருடங்களால் வகுங்கள். வரும் எண்ணைவிடப் புது வட்டி அதிகமாகக் குறைந்திருந்தால்தான் மேற்கொண்டு யோசிக்கலாம்.

2,20,000 பவுண்ட் பாக்கி, ஈ.ஆர்.சி. 3%, மீதி 26 மாதம் என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் 6,600 பவுண்ட். 26 மாதம் என்பது சுமார் 2.17 வருடம். 3-ஐ அதால் வகுத்தால் கிட்டத்தட்ட 1.4. அதாவது புது வட்டி குறைந்தது 1.4 சதவீதப் புள்ளிகளாவது கீழே இருந்தால்தான் கைக்காசு திரும்பும். 5.2%-லிருந்து 4.1%-க்கு மாறினால் வருடத்துக்கு மிச்சம் சுமார் 2,420, 26 மாதத்துக்கு 5,200 சொச்சம். 6,600 கொடுத்து 5,200 சம்பாதிக்கிறோம். அதற்கு மேல் புதுக் கடனின் ஏற்பாட்டுக் கட்டணம் 999 பவுண்ட் என்று ஒன்று நிற்கும். பழைய வங்கி கணக்கை மூடுவதற்கென்று தனியாக ஒரு கட்டணமும் வாங்கலாம்.

கணக்கு லாபத்தில் வந்தால் அடுத்த கேள்வி: அட்டவணையில் அடுத்த படி எப்போது இறங்குகிறது? மேலே சொன்ன கடனில் 3% ஐந்து வாரத்தில் 2% ஆகிறது என்றால், காத்திருந்தால் 2,200 பவுண்ட் மிச்சம். அந்த ஐந்து வாரத்துக்குக் கூடுதலாகக் கட்டும் வட்டி 230 பவுண்ட் போல. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

வெளியேறுவது என்றே முடிவானால், முதலில் 10% சலுகையைப் பயன்படுத்திக் கட்டிவிட்டு, மீதிக்கு மட்டும் ஈ.ஆர்.சி. கொடுக்கலாமா என்று கேளுங்கள். 22,000 கட்டியபின் 1,98,000-க்கு 3% என்றால் 5,940 தான், 660 பவுண்ட் மிச்சம். சில வங்கிகள் இதை ஒப்புக்கொள்ளும். சில வங்கிகள், முழுதாக அடைக்கும்போது கடைசி சில மாதங்களில் கட்டிய கூடுதல் தொகைக்கும் சேர்த்துக் கட்டணம் போடும். விதி கடிதத்தில்தான் இருக்கிறது.

புதுக் கடனில் ஈ.ஆர்.சி.யையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நிதானியுங்கள். அந்த 6,600-க்கு இருபத்தைந்து வருடம் வட்டி கட்டப்போகிறீர்கள்.

வீடு மாறும்போது: போர்ட்டிங்

குழந்தை பிறந்து ஃபிளாட்டிலிருந்து வீட்டுக்கு மாறுகிறீர்கள், அல்லது நல்ல பள்ளிக்கூடத்துக்காக வேறு ஊருக்குப் போகிறீர்கள். ஃபிக்ஸ்டு இன்னும் முடியவில்லை. இருக்கும் கடனை அதே வட்டியோடு புது வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவதற்குப் போர்ட்டிங் என்று பெயர். ஈ.ஆர்.சி.யைத் தவிர்க்க இதுதான் பெரிய வாசல்.

ஆனால் 'போர்ட் செய்யலாம்' என்று கடிதத்தில் இருப்பதால் வங்கி கட்டாயம் ஒப்புக்கொள்ளும் என்று அர்த்தமில்லை. புதிதாக விண்ணப்பம் போட வேண்டும். சம்பளச் சீட்டு, செலவுக் கணக்கு, புது வீட்டின் மதிப்பீடு எல்லாம் திரும்பப் பார்ப்பார்கள். மனைவி மகப்பேறு விடுப்பில் இருக்கிறார், நீங்கள் வேலையை விட்டுச் சொந்தத் தொழில் தொடங்கிவிட்டீர்கள், விசாவில் சில மாதம்தான் பாக்கி என்றால் மறுக்கலாம். மறுத்தால் ஈ.ஆர்.சி. கட்டித்தான் வெளியேற வேண்டும். ஆகவே வீட்டை விற்பனைக்குப் போடும் முன்பே வங்கியிடம் பேசிவிடுங்கள்.

சின்ன வீட்டுக்கு மாறிக் கடனைக் குறைத்துக்கொண்டால், குறைந்த பகுதிக்கு ஈ.ஆர்.சி. வரும். பெரிய வீட்டுக்கு மாறினால் கூடுதல் கடன் இப்போதைய வட்டியில் தனிப் பகுதியாக வரும். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய பகுதிக்கு 2027-லும் புதிய பகுதிக்கு 2030-லும் ஃபிக்ஸ்டு முடியும். 2027-ல் வேறு வங்கிக்குப் போக நினைத்தால் புதிய பகுதிக்கு ஈ.ஆர்.சி., 2030 வரை காத்திருக்கலாம் என்றால் பழைய பகுதி எஸ்.வி.ஆரில் விழும். இரண்டும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் முடிகிற மாதிரி புதிய பகுதியின் காலத்தைத் தேர்ந்தெடுங்கள்.

விற்பதும் வாங்குவதும் ஒரே நாளில் நடக்காவிட்டாலும் கதவு மூடிவிடாது. பல வங்கிகள் விற்கும்போது ஈ.ஆர்.சி.யை வாங்கிக்கொண்டு, குறிப்பிட்ட காலத்துக்குள் அவர்களிடமே புதுக் கடன் எடுத்தால் திருப்பிக் கொடுக்கும். அந்தக் காலம் வங்கிக்கு வங்கி மாறும், சில இடங்களில் மிகவும் குறுகியது. அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

விற்கும் எண்ணமே இல்லாமல் ஊருக்குத் திரும்புகிறவர்களும் ஒப்பந்த வேலைக்காக ஓரிரு வருடம் வெளிநாடு போகிறவர்களும் வேறொன்றைக் கேட்கலாம். வாடகைக்கு விட வங்கியின் அனுமதி கிடைத்தால், கடன் அப்படியே தொடரும். சொல்லாமல் வாடகைக்கு விடுவது ஒப்பந்த மீறல். நம்மவர்கள் இதைச் சர்வசாதாரணமாகச் செய்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம்.

ஃபிக்ஸ்டு முடியும் வாரம்: தாமதம் மலிவு, அவசரம் கிராக்கி

ஃபிக்ஸ்டு முடிவதற்கு ஆறு மாதம் இருக்கும்போதே அடுத்த வட்டியைப் பேசி வைத்துக்கொள்ளலாம். 2023 ஜூனில் அரசும் வங்கிகளும் பேசி ஒப்புக்கொண்ட மோர்ட்கேஜ் சார்ட்டரில் சேர்ந்த வங்கிகளிடம், ஆறு மாதம் முன்பே ஒரு வட்டியைப் பிடித்து வைத்துவிட்டு, தொடங்கும் முன் அதே வங்கியில் அதைவிட நல்லது வந்தால் மாற்றிக் கேட்கலாம். அதே வங்கியில் தொடர்ந்தால் பத்திர வேலை பார்க்கும் வக்கீலான சொலிசிட்டருக்கு வேலை இல்லை, பழையது முடிந்த மறுநாள் புதியது தொடங்கிவிடும்.

வேறு வங்கிக்கு மாறும்போதுதான் தேதியில் கத்திமுனை. சொலிசிட்டர் அலுவலகத்தில் உங்கள் கோப்பு எல்லோருடைய கோப்புகளோடும் ஓர் அடுக்கில் கிடக்கும். எல்லாம் தயாரானதும் 'வெள்ளிக்கிழமையே முடித்துவிடலாமா?' என்று கேட்பார்கள். ஈ.ஆர்.சி. திங்கட்கிழமைதான் முடிகிறது என்றால் அந்த வெள்ளிக்கிழமைக்கு விலை 1%, நம் எடுத்துக்காட்டில் 2,200 பவுண்ட். மாறாக, சில நாள் தாமதமானால் என்ன ஆகும்? எஸ்.வி.ஆர். 7.5%, புது வட்டி 4.5% என்று வைத்தால் நாளொன்றுக்குக் கூடுதல் சுமார் 18 பவுண்ட். பத்து நாள் பிந்தினால்கூட 180 பவுண்ட்தான். எனவே சொலிசிட்டருக்கு ஆரம்பத்திலேயே மின்னஞ்சலில் எழுதுங்கள்: 'என் ஈ.ஆர்.சி. இந்தத் தேதியில் முடிகிறது, அதற்கு முன் கடனை அடைக்கக் கூடாது.' போனில் சொன்னது போதாது.

அடைக்கும் நாள்

முழுதாக அடைக்கும் முன் ரிடம்ப்ஷன் ஸ்டேட்மென்ட் கேளுங்கள். எந்தத் தேதிக்கு என்று சொல்லிக் கேட்க வேண்டும். அதில் பாக்கி, அந்த நாள் வரையான வட்டி, ஈ.ஆர்.சி., கணக்கு மூடும் கட்டணம், ஒவ்வொரு நாள் தள்ளிப்போனாலும் சேரும் வட்டி எல்லாம் தனித்தனியாக இருக்கும். ஆப்பில் தெரியும் பாக்கியை நம்பிப் பணம் அனுப்பினால் சில பவுண்ட் குறைந்து கணக்கு மூடாமல் நிற்கும். ஈ.ஆர்.சி. எண்ணை ஆஃபர் கடிதத்தோடு ஒப்பிடுங்கள், சதவீதமும் தேதியும் பொருந்துகிறதா என்று.

பொருந்தவில்லை, அல்லது இப்படி ஒரு கட்டணம் இருப்பதையே உங்களுக்குச் சரியாகச் சொல்லவில்லை என்றால், வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். இறுதிப் பதில் தர அவர்களுக்கு எட்டு வாரம். அந்தப் பதில் திருப்தியில்லை என்றால் ஆறு மாதத்துக்குள் ஃபைனான்ஷியல் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம், செலவில்லை. 'கட்டணம் அதிகமாக இருக்கிறது' என்று மட்டும் சொன்னால் அங்கே எடுபடாது. சொன்னதும் எழுதியதும் வேறு வேறாக இருந்தது என்று காட்ட வேண்டும். கடன் வாங்கியவர் இறந்துவிட்டால் பல வங்கிகள் ஈ.ஆர்.சி.யைத் தள்ளுபடி செய்கின்றன. குடும்பத்தார் கேட்க வேண்டும், கேட்காமலே எல்லோருக்கும் நடந்துவிடாது. மணமுறிவில் ஒருவர் பெயரை மட்டும் எடுத்துவிட்டு அதே கடனை மற்றவர் தொடர வங்கி சம்மதித்தால் பொதுவாக ஈ.ஆர்.சி.க்கு வேலையில்லை. ஆனால் மீதியிருப்பவரின் சம்பளம் மட்டுமே கடனுக்குப் போதுமா என்று பார்ப்பார்கள்.

பணம் போய்ச் சேர்ந்து, கணக்கு மூடியதாகக் கடிதம் வரும் வரை டைரக்ட் டெபிட்டை ரத்து செய்யாதீர்கள். இடையில் ஒரு தவணை போயிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், ஆனால் ஒரு தவணை தவறியதாகப் பதிவாகிவிட்டால் அதைக் கிரெடிட் ஃபைலிலிருந்து எடுக்க அலைய வேண்டியிருக்கும். முழுக்கடனும் தீர்ந்தவர்கள் இங்கிலாந்திலோ வேல்ஸிலோ இருந்தால், சில வாரம் கழித்து லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் உங்கள் வீட்டின் பதிவை எடுத்துப் பாருங்கள். அதில் வங்கியின் பெயரில் இருந்த உரிமைக்குறிப்பு போயிருக்க வேண்டும். போகவில்லை என்றால் வங்கியைக் கூப்பிட்டு, கடன் தீர்ந்த தகவலை லேண்ட் ரெஜிஸ்ட்ரிக்கு எப்போது அனுப்பினார்கள் என்று கேளுங்கள்.